குத்தகைக் கையெழுத்தும் மக்கள் ஆணையும்: உள்ளூராட்சியில் உரிமை ஒப்பந்தங்களும் பதவி மீளழைப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம், கட்டைபறிச்சான்)

1. பொருள் அறிமுகம்

உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரங்களை ஆராய்வோர் பெரும்பாலும் வரி விதித்தல், வீதி அமைத்தல், துப்புரவு பேணல் ஆகியவற்றையே முதன்மைப்படுத்துவதுண்டு. எனினும், பொதுச்சொத்து ஒன்றையோ பொதுச்சேவை ஒன்றையோ குறித்த காலத்திற்குப் பிறர் கையில் ஒப்படைக்கும் அதிகாரமே, அதன் விளைவு நீண்டு செல்வதனால், மிகுந்த கவனத்துக்கு உரியதாகும். இவ்வாறு ஒப்படைக்கும் உடன்படிக்கை இங்கு உரிமை ஒப்பந்தம் எனப்படுகிறது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரை அவருடைய பதவிக்காலம் முடியும் முன்னரே மக்கள் வாக்களித்து நீக்கும் முறை, பதவி மீளழைப்பு எனப்படுகிறது. இவ்விரண்டும் தனித்தனி நூல்களில் தனித்தனிப் பொருள்களாக ஆராயப்பட்டாலும், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டிய உறவுடையவை. எதிர்காலத்தைக் கட்டுப்படுத்தும் கையெழுத்தை இடுபவர், அந்த எதிர்காலத்தில் வாழப்போகும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இவ்வுரை நிலைநாட்ட முயலும் கருத்தாகும்.

திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரக் குடாவையொட்டிய மூதூர்ப் பிரதேசத்தில், சேனையூர், கடற்கரைச்சேனை, சம்பூர் ஆகிய ஊர்களுக்கு அயலில் அமைந்த கட்டைபறிச்சானில் இப்பொருளை எடுத்துரைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மின் நிலையம், எண்ணெய்த் தாங்கி, காணி ஒதுக்கீடு என இம்மாவட்டத்தைப் பற்றிய நெடுங்கால உடன்படிக்கைகள் பல கையெழுத்தாகியுள்ள போதிலும், அவற்றில் இவ்வூர்களின் பிரதேச சபை ஒரு தரப்பாக இருந்ததில்லை.

2. உரிமை ஒப்பந்தம் இயங்கும் விதம்

நீர்க்குழாய், மின்கம்பி, டிராம் தண்டவாளம், படகுத்துறை, சந்தை போன்றவற்றின் பொதுத்தன்மை யாதெனில், ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள் அவற்றைப் போட்டியாக நடத்துவது பெரும்பாலும் இயலாது என்பதாகும். ஒரே வீதியின் கீழ் இரண்டு நீர்க்குழாய்களைப் பதிப்பது வீண்செலவு. ஆகவே சேவையை நடத்துபவருக்கு அவ்வூரில் தனியுரிமை கிடைத்துவிடுகிறது. வாடிக்கையாளர் வேறிடம் செல்ல முடியாத இந்நிலையில், கட்டணத்துக்கும் தரத்துக்கும் எல்லை வகுப்பது ஒப்பந்தம் மட்டுமே. எனவே உரிமை ஒப்பந்தம் ஒன்றில் காலம், கட்டணச் சூத்திரம், சபைக்குரிய வருமானப் பங்கு, சேவையின் குறைந்தபட்சத் தரம், கணக்குப் பார்வையிடும் உரிமை, தவறினால் சபை சேவையைத் தானே பொறுப்பேற்கும் உரிமை, காலம் முடிந்ததும் சொத்துக்கள் எந்நிலையில் திரும்ப வேண்டும் என்னும் விதி ஆகியன தெளிவாக இருத்தல் வேண்டும். நெற்காணியைக் குத்தகைக்கு விடுபவர் விளைச்சற் பங்கை மட்டுமன்றி, வரம்பும் வாய்க்காலும் கெடாமல் காணி திரும்புவதையும் பேசி முடிப்பது போல, சபையும் சேவையின் இன்றைய வருமானத்தோடு நாளைய நிலையையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

இலங்கையில் இவ்வகை ஒப்பந்தத்தின் பழைய எடுத்துக்காட்டு கொழும்பு டிராம் சேவையாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூஸ்டட் குழுமத்தினரால் தொடங்கப்பட்ட அச்சேவை தனியார் நிறுவனத்தின் கையில் நெடுங்காலம் இருந்தது. 1929ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் நிலைபெற்றது. 1944இல் கொழும்பு மாநகர சபை சேவையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மின்விநியோகத்தில் இதற்கு எதிர்த்திசையிலான மாற்றம் நிகழ்ந்தது. இலங்கை மின்சார சபையிடமிருந்து மொத்தமாக மின்சாரம் வாங்கித் தம் எல்லைக்குள் விநியோகித்து வந்த உள்ளூராட்சி மன்றங்கள் பலவற்றிடமிருந்து அப்பணி அகற்றப்பட்டு, 1983இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார தனியார் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளூராட்சியின் கையிலிருந்த சேவை ஒருமுறை மேலே சென்றுவிட்டால், அது மீண்டும் கீழே வருவது அரிது என்பதற்கு இம்மாற்றம் சான்றாகும்.

3. இரண்டும் சந்தித்த இடம்

பதவி மீளழைப்பு நவீன வடிவம் பெற்றதற்கும் உரிமை ஒப்பந்த ஊழலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் டிராம், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் உரிமைகள் நகர சபை உறுப்பினர்களின் வாக்குகளால் வழங்கப்பட்டமையால், அவ்வாக்குகளே விலைபொருளாயின. சிக்காகோவில் சார்ல்ஸ் யெர்க்ஸ் என்னும் டிராம் முதலாளி தம் உரிமங்களை 50 ஆண்டுகளுக்கு நீட்டிக்க முயன்றபோது, அத்தகைய நீட்டிப்புக்கு வழிவிட்ட சட்டம் 1897இல் மாநில சட்டசபையில் நிறைவேறியிருந்தது. ஆயினும் 1898இன் இறுதியில் நகர மக்கள் திரண்டு எதிர்த்தமையால் நகர சபை நீட்டிப்பை மறுத்தது, அடுத்த ஆண்டில் அச்சட்டமும் நீக்கப்பட்டது.

சிக்காகோ மக்கள் கூட்டத்தின் அழுத்தத்தால் பெற்றதை லொஸ் ஏஞ்சலிஸ் மக்கள் சட்டவிதியாகப் பெற்றனர். ஜோன் ரான்டொல்ப் ஹெய்ன்ஸ் என்னும் மருத்துவர், இரயில் கம்பனிகளும் சேவைக் கம்பனிகளும் நகர ஆட்சியில் செலுத்திய ஆதிக்கத்தை முறிப்பதற்கு, மக்களே சட்டம் முன்மொழிதல், சபையின் முடிவை மக்கள் வாக்கெடுப்புக்கு உட்படுத்தல், பதவி மீளழைத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வேண்டிப் பிரசாரம் செய்தார். 1902 டிசம்பரில் வாக்காளர் அவற்றை ஏற்றனர். 1904இல் அந்நகரில் மீளழைப்பு வாக்கெடுப்புக்கு முதன்முதல் உள்ளான உறுப்பினர் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு, நகரின் அச்சு வேலையைக் கூடிய விலை கேட்ட பத்திரிகைக்கு வழங்க வாக்களித்தார் என்பதாகும். ஆக, மீளழைப்பு என்னும் கருவி அங்கு முதலில் நீண்டது, கேள்விகோரல் ஒன்றில் தவறியதாகக் கருதப்பட்ட கையை நோக்கியே.

ஹெய்ன்ஸ் மூன்று கருவிகளை ஒன்றாக வேண்டியமைக்கு ஆழமான சட்டக் காரணம் உண்டு. உள்ளூராட்சி மன்றம் நிரந்தர வழியுரிமை உடைய ஒரு சட்ட ஆள். உறுப்பினர் மாறினாலும் அது மாறுவதில்லை. அதனால் அதன் பெயரில் செய்யப்பட்ட ஒப்பந்தம், அதனைச் செய்த தவிசாளரை மக்கள் நீக்கிய பின்னரும் சபையைக் கட்டுப்படுத்தும். ஆளை நீக்குவது எளிதாகவும் ஒப்பந்தத்தை நீக்குவது கடினமாகவும் இருக்குமாயின், மீளழைப்பு தண்டனையாக முடியுமேயன்றிப் பரிகாரம் ஆகாது. ஒப்பந்தம் பிறக்கும் முன்னரே மக்களின் பார்வைக்கு வருவதும், பிறந்த பின்னர் அதனைக் கண்காணிப்பவர் மக்களின் பிடியில் இருப்பதும் சேர்ந்து நிகழ்ந்தாலே பாதுகாப்பு முழுமை பெறும்.

4. மீளழைப்பின் வடிவங்களும் அதன் ஆபத்தும்

பொறுப்பில் தவறியவரைக் காலத்துக்கு முன் அகற்றும் எண்ணம் தமிழர் வரலாற்றுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவதோடு, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் தகுதியற்றோராக்கின; குற்றம் கண்டவரை உடனே விலக்கவும் விதித்தன. அவ்வூர்ச் சபை நிலமுடைய பிராமணருக்கு மட்டும் உரியதாக இருந்தமையால் அதனை இன்றைய மக்களாட்சியோடு சமப்படுத்தல் இயலாது. எனினும், கணக்குக் காட்டாமையைப் பதவிக்குத் தடையாக்கிய அதன் நெறி இன்றும் பின்பற்றத் தக்கது.

இந்தியாவில் மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் நகராட்சித் தலைவர்களைப் பொறுத்து மீளழைப்பை நடைமுறைப்படுத்தியுள்ளன. மத்தியப் பிரதேச முறையில், தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டுத் தொடங்கிய பின்னரே விடயம் மக்களின் இரகசிய வாக்கெடுப்புக்குச் செல்கிறது. வாக்குச்சீட்டில் வெற்று நாற்காலி, ஆள் அமர்ந்த நாற்காலி என்னும் இரு சின்னங்கள் மட்டும் இருக்க, மக்கள் அவற்றுள் ஒன்றைத் தெரிவர். 2008இல் சத்தீஸ்கரில் மூன்று நகரத் தலைவர்கள் இவ்வாறு பதவியிழந்தனர். இம்முறையில் முடிவு மக்களுடையதாயினும் தொடக்கம் உறுப்பினர்களுடையது. யப்பானில் 1947ஆம் ஆண்டின் உள்ளூர்த் தன்னாட்சிச் சட்டம் தொடக்கத்தையும் மக்களிடமே விட்டது. வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர், பெருநகரங்களில் அதற்குக் குறைந்த விகிதத்தினர், கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு நடைபெறும். 2011இல் நகோயா நகர சபை இவ்வழியில் முழுமையாகக் கலைக்கப்பட்டது.

இக்கருவியின் ஆபத்தைப் பெரு நாட்டின் அனுபவம் எடுத்துக்காட்டுகிறது. 1997 முதல் அங்கு மீளழைப்பு மிக அதிக அளவில் பயன்படுத்தப்பட்டமையால், தேர்தலில் தோற்றவர்கள் வென்றவரைப் பணி செய்யவிடாது தொடர்ந்து வாக்கெடுப்புக்கு இழுக்கும் நிலை உருவாயிற்று. 2015இல் அச்சட்டம் இறுக்கப்பட்டு, ஒரு பதவிக்காலத்தில் ஒருமுறை மட்டுமே மீளழைப்புக்கு இடம் அளிக்கப்பட்டது. ஆகவே கையெழுத்து விகிதமும் காலத்தடையும் இல்லாத மீளழைப்பு, மக்களின் கருவியாக இல்லாது தோல்வியுற்றோரின் கருவியாகிவிடும்.

5. இலங்கையில் நீக்கும் அதிகாரம் யார் கையில்?

இலங்கைச் சட்டத்தில் வாக்காளரின் மீளழைப்பு உரிமை இல்லை. ஆனால் பதவிக்காலத்தின் நடுவே நீக்கும் அதிகாரம் வேறு மூன்று கைகளில் உண்டு.

முதலாவது கட்சி. உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின்படி, உறுப்பினர் ஒருவர் தாம் தெரிவான கட்சியின் அங்கத்துவத்தை இழந்தால் ஆசனத்தையும் இழப்பார். இவ்வாறு, வட்டார மக்களின் வாக்கால் வந்தவரைக் கட்சிச் செயலாளரின் கடிதம் வெளியேற்ற முடிகிறது.

இரண்டாவது சபை. வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டால், முதல்வரோ தவிசாளரோ பதவி விலகியவராகக் கருதப்படும் நிலை உண்டு. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட் இவ்வாறு பதவியிழக்க, வி. மணிவண்ணன் ஒரு வாக்கு வேறுபாட்டில் முதல்வரானார். 2022இன் இறுதியில் அவருடைய வரவு செலவுத் திட்டமும் தோற்றதையடுத்து அவரும் பதவி துறந்தார். இரண்டு மாற்றங்களிலும் யாழ்ப்பாண வாக்காளர் எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை. வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த இன்றைய தேர்தல் முறையில், எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத சபைகள் பலவாதலால், இவ்வழி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

மூன்றாவது மேலதிகாரம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 185ஆம் பிரிவு, திறமையின்மை, கடமை தவறல், அதிகாரத் துர்ப்பிரயோகம் முதலிய காரணங்களுக்காக, விசாரணையின் பின்னர் தவிசாளரை நீக்கவோ சபையைக் கலைக்கவோ அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. உள்ளூராட்சி மாகாணங்களுக்குரிய விடயமாதலால் இவ்வதிகாரம் மாகாண மட்டத்தில் பிரயோகிக்கப்பட வேண்டியது; ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறாமையால், மாகாண அமைச்சரும் இல்லாது, அதிகாரம் நியமிக்கப்பட்ட ஆளுநரிடம் குவிந்தது. மூதூர் மக்கள் தெரிவுசெய்த சபையின் தவிசாளரை, மூதூர் மக்கள் தெரிவுசெய்யாத ஒருவர் நீக்கலாம். மூதூர் மக்கள் நீக்க முடியாது.

இதனினும் பெரிய வெற்றிடம், சபையே இல்லாத காலமாகும். 2018இல் தெரிவான சபைகளின் நீட்டிக்கப்பட்ட காலம் 2023 மார்ச் 19இல் முடிவடைந்தது; அம்மாதம் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல் நடைபெறவில்லை; அதனை நடத்தத் தவறியமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது; தேர்தல் 2025 மே 6இல் நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூராட்சி, மீளழைக்க எவருமற்ற அதிகாரிகளின் கையில் இருந்தது.

6. கொட்டியாரக் குடாவைச் சுற்றி

உடன்படிக்கை செய்வோருக்கும் அதன் விளைவை ஏற்கும் மக்களுக்கும் இடையிலான இடைவெளியைச் சம்பூரின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 2006இல் போரினால் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2007 மேயில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையத்துக்கென மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2011இல் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2012இல் 818 ஏக்கர் காணி முதலீட்டுச் சபையூடாகத் தனியார் நிறுவனம் ஒன்றின் கைத்தொழில் வலயத்துக்கு ஒதுக்கப்பட்டது. காணி உரித்தாளர் முகாமில் இருந்த காலத்தில் அவர்களின் காணி பற்றிய உடன்படிக்கைகள் கொழும்பில் உருப்பெற்றன. 2015 மேயில் அவ்வொதுக்கீட்டு வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டு மக்கள் மீளக்குடியமர்ந்தனர். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதேயிடத்தில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. திட்டங்கள் வந்தும் போயும் மாறின; உள்ளூர் மக்களின் வாக்குக்கு அவற்றில் இடமில்லாமை மட்டும் மாறவில்லை.

சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளும் இதே வகையின. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்ட அத்தாங்கிகள், 2022 ஜனவரியில் மறுபகிர்வு செய்யப்பட்டு, 14 அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 அவ்விரண்டின் கூட்டுக் கம்பனிக்கும் 50 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டன. கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம் உரியது. நான்கு ஆண்டுப் பதவிக்காலம் உடைய உள்ளூராட்சி உறுப்பினரோடு ஒப்பிட்டால், அவ்வுடன்படிக்கை பன்னிரண்டு சபைகளின் ஆயுளை விஞ்சியதாகும்.

மிகச் சிறிய அனுமதியும் உயிரோடு தொடர்புடையது என்பதைக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23இல் நிகழ்ந்த துயரம் உணர்த்தியது. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். படகுச் சேவையோடு தொடர்புடையோரும் நகர சபைத் தவிசாளரும் கைது செய்யப்பட்டனர். குற்றப்பொறுப்பை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் பணி. உள்ளூராட்சி ஆய்வுக்கு இதிலுள்ள பாடம், அப்படகு யாருடைய அனுமதியில், எந்த நிபந்தனைகளுடன் ஓடியது என்னும் கேள்வி உயிர்கள் போன பின்னரே பொதுக் கேள்வியாயிற்று என்பதாகும். பயணிகள் தொகை, உயிர்காப்பு அங்கி, படகின் தகுதிச் சோதனை ஆகிய நிபந்தனைகள் கரையில் பலகையாக நடப்பட்டிருக்குமாயின், படகேறும் ஒவ்வொருவரும் அச்சேவையின் கண்காணிப்பாளராக இருந்திருப்பர்.

தமிழகத்தின் கோயம்புத்தூர் அனுபவம் இதே குறையை வேறொரு வடிவில் காட்டுகிறது. 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்துக்காக அம்மாநகராட்சி சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தத்தை 2018 ஜனவரியில் செய்துகொண்டது. அப்போது அங்கு தெரிவுசெய்யப்பட்ட மாமன்றம் இல்லை. 2016 ஒக்டோபரில் காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பெப்ரவரியிலேயே தேர்தல் நடந்தது. ஒப்பந்தத்தின் நன்மை தீமை பற்றிய விவாதம் எவ்வாறாயினும், ஒரு தலைமுறைக் காலத்துக் குடிநீரைப் பற்றிய முடிவு, வாக்காளருக்குப் பதில் சொல்லும் எவரும் இல்லாத காலத்தில் எடுக்கப்பட்டது என்பது மறுக்க முடியாத குறையாகும்.

7. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து ஐந்து முன்மொழிவுகள் பிறக்கின்றன. முதலாவது, சபையின் எஞ்சிய பதவிக்காலத்தை மீறும் எந்த உரிமை ஒப்பந்தமும், அதன் முழு வரைவும் மக்களின் மொழியில் சபை அலுவலகத்திலும் பொது நூலகங்களிலும் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் வைக்கப்பட்ட பின்னரே, விசேட கூட்டத்தில் பெயர் குறித்த வாக்கெடுப்பால் ஏற்கப்பட வேண்டும். இரண்டாவது, தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத காலத்தில் அதிகாரிகள் குறுங்கால ஏற்பாடுகளை மட்டுமே செய்யலாம் எனச் சட்டம் வரையறுக்க வேண்டும். மூன்றாவது, புதிய சபை பதவியேற்கும்போது நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்களை மீளாய்வு செய்யும் உரிமை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும். மீளாய்வு உரிமை முற்கூட்டியே எழுதப்பட்டால், சபை நட்டஈட்டு வழக்குக்கு அஞ்சி வாளாவிருக்க வேண்டியதில்லை.

நான்காவது, பதவி மீளழைப்புச் சட்டம் இயற்றப்படுமாயின், அது மூதூர் போன்ற பல இனத்தவர் வாழும் பிரதேசங்களின் இயல்பை உணர்ந்ததாக இருக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சபையில் அமரும் இடத்தில், முழுப் பிரதேசத்தின் வாக்கால் ஒரு வட்டார உறுப்பினரை நீக்க இடமளித்தால், தொகையில் கூடியவர் தொகையில் குறைந்தவரின் பிரதிநிதியை அகற்றும் அபாயம் உண்டு. ஆகவே வட்டார உறுப்பினரை அவ்வட்டார வாக்காளர் மட்டுமே மீளழைக்க வேண்டும். தவிசாளரை மீளழைக்கும் மனுவுக்குப் பல வட்டாரங்களிலும் குறைந்தபட்ச ஆதரவு வேண்டும். முதல் ஆண்டிலும் இறுதி ஆண்டிலும் மனு ஏற்கப்படலாகாது. ஒரு பதவிக்காலத்தில் ஒருமுறைக்கு மேல் வாக்கெடுப்பு நடத்தலாகாது. வட்டாரம் இல்லாத பட்டியல் உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்வார் என்பது இம்முறையின் தீராச் சிக்கல். பட்டியல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் குறித்த வட்டாரங்களின் பொறுப்பை ஒதுக்குவது அதற்கு ஒரு தொடக்கமாகும்.

ஐந்தாவது, புதிய சட்டத்துக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. அதன் 9ஆம் பிரிவு, 5 இலட்சம் ரூபாவை மீறும் உள்நாட்டு நிதித் திட்டங்களையும், 1 இலட்சம் அமெரிக்க டொலரை மீறும் வெளிநாட்டு நிதித் திட்டங்களையும் பற்றிய தகவலைத் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பொதுமக்களுக்கு அறிவிக்குமாறு உரிய அமைச்சரைக் கடமைப்படுத்துகிறது. சந்தைக் குத்தகை, கடைத்தொகுதி, இறைச்சிக்கடை ஆகியவற்றின் கேள்விகோரல் விபரங்களையும், குத்தகைப் பணம் சபை நிதியில் சேர்ந்த கணக்கையும் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஆண்டுதோறும் இவ்விபரங்களைப் பெற்று, ஊர்க் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால், உறுப்பினர் ஒருவர் வாக்காளர் முன் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கோடு நிற்க வேண்டியவராவார்.

சிறிய குத்தகையைக் கேள்வி கேட்கப் பழகிய ஊரே பெரிய உடன்படிக்கையையும் கேள்வி கேட்கும் வலிமை பெறும். சந்தைக் குத்தகையின் வரைவைக் கேட்டு வாங்கி வாசிக்கத் தெரிந்த மக்களிடம், மின் நிலையத்தின் உடன்படிக்கையை மறைத்து நிறைவேற்றுவது எளிதன்று. பதவி மீளழைப்பு உரிமை சட்டமாக வர வேண்டும். உரிமை ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வர வேண்டும். இவ்விரண்டையும் நாடாளுமன்றம் தானாகவே வழங்கும் எனக் காத்திராது, பிரதேச சபையின் கூட்ட மண்டபத்திலிருந்தே அக்கோரிக்கையை எழுப்பும் கடமை, இடம்பெயர்ந்து மீண்டு வந்து தம் காணியை மீட்டெடுத்த இப்பிரதேச மக்களுக்கு எவரினும் அதிகமாக உண்டு. அதற்குரிய தகுதியும் அவர்களுக்கு உண்டு.